நடவு வயலிலிருந்து மேடைக்கு வந்த பாட்டு



பேராசிரியர் கே.ஏ.குணசேகரனின் நினைவில் நாம் கூடியிருக்கிறோம். 1955இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை என்ற ஊரில் பிறந்தவர். மதுரையில் படித்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார். 'பலி ஆடுகள்' நாடகம், 'வடு' தன்வரலாறு, நாட்டுப்புறவியல் ஆய்வுகள் என்று அவர் விட்டுச்சென்றவை நிறைய. அவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் இன்று ஒரே ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். ஊர் ஊராகப் பாடிச் சேரிதோறும் கொண்டுசேர்த்தவர் கே.ஏ.ஜி.

இந்த உரையில் 'நாங்கள்' என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் மதுரையைச் சுற்றியுள்ள சேரிகளிலும் காலனிகளிலும் பிறந்து, சத்துணவுத் தட்டோடு பள்ளிக்கூடம் போய், இன்று நாற்பதுகளில் இருக்கும் ஒரு தலைமுறையைச் சொல்கிறோம். எங்களில் பலர் அரசு ஊழியர்கள், சிலர் வழக்கறிஞர்கள், சிலர் பெயிண்டர்கள், கொத்தனார்கள், சிலர் இயக்கத்தில் முழுநேரமாக இருப்பவர்கள். எங்களைச் சேர்த்துக் கட்டும் கயிறுகளில் ஒன்று அந்தப் பாட்டு.

"இந்தப் பாட்டைக் கேட்டா சின்ன வயசு ஞாபகம் வருது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு கனிவு வருகிறது. மாம்பழம், ஆற்றுமணல், தாத்தா வீடு, கோடை விடுமுறை என்று ஒரு பட்டியல் கூடவே வருகிறது. எங்களுக்கும் மாம்பழம் பிடிக்கும், வைகை மணலில் நாங்களும் விளையாடியிருக்கிறோம். ஆனால் எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எங்கள் சின்ன வயதை வெளியில் சொல்ல முடியாது என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எந்தத் தெரு என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பின் பெயரைச் சொல்லு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் விவசாயம் என்று சொல்லு. இப்படி மறைக்கப் பழகிய பிள்ளைப் பருவத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்த பாட்டு 'மனுசங்கடா'. இதுதான் எங்கள் உரையின் சாரம். அது எப்படி நடந்தது, அந்தப் பாட்டுக்கு முன்னால் எங்கள் காதில் என்ன பாட்டு இருந்தது, இனி நம் பிள்ளைகளின் காதில் என்ன இருக்கப்போகிறது என்பதைத்தான் மீதி நேரத்தில் பேசப்போகிறோம்.

சமூகவியல் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளரை நீங்கள் படித்திருப்பீர்கள். 1925இல் நினைவின் சமூகச் சட்டகங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1945இல் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் இறந்துபோனார். மனிதர் தனியாக நினைப்பதில்லை, ஒரு குழுவுக்குள் நின்றுதான் நினைக்கிறார் என்பது அவர் சொன்னதன் சுருக்கம். குடும்பம், மதம், வர்க்கம் என்று அவர் சட்டகங்களைப் பிரித்துப் பார்த்தார். நம் ஊரில் அந்தச் சட்டகத்தின் பெயர் சாதி. ஒரே வயலில் ஒரே நாளில் ஒரே பாட்டைக் கேட்ட இரண்டு பிள்ளைகளுக்கு அது இரண்டு நினைவாகத் தங்குகிறது. வரப்பில் குடை பிடித்து நின்ற சம்சாரியின் மகனுக்கு அது கிராமிய மணம். தொளியில் நின்று நாற்று நட்டவளின் மகளுக்கு அது அம்மாவின் இடுப்பு வலி.

அந்த வயலை நகரத்து மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1895இல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பப்பட்ட பிறகுதான் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கமெல்லாம் கால்வாய்ப் பாசனம் வந்தது. அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்தில் பெரும்பகுதி மானாவாரி. பென்னி குவிக்குக்கு வீட்டில் படம் மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு, மாட்டட்டும். ஆனால் அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் யாருடைய பெயரில் இருந்தது, அதில் குனிந்து நட்டது யார் என்பதைப் பட்டாவும் சொல்லும், பாட்டும் சொல்லும். பட்டாவில் எங்கள் அம்மாக்களின் பெயர் இல்லை. பாட்டில்தான் அவர்கள் இருந்தார்கள்.

நடவுப் பாட்டு கச்சேரி அல்ல. இருபது, முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கை ஊன்றுகிற வேகமும் பாட்டின் வேகமும் ஒன்று. வேகம் குறைந்தால் மேற்பார்க்கிறவன் சத்தம் போடுவான், கூடினால் வயதான கிழவி பின்தங்கிவிடுவாள். அதனால் எடுத்துக் கொடுப்பவள் கிழவியின் மூச்சைப் பார்த்துத்தான் பாட்டை இழுப்பாள். மேற்பார்க்கிறவனுக்குத் தெரியாமல் வேலையின் வேகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள அந்தப் பெண்களிடம் இருந்த ஒரே கருவி பாட்டு. நடுவில் குலவை போடுவார்கள். குலவை சாமிக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். முதுகை நிமிர்த்த ஒரு நிமிடம் கிடைக்கும், அதற்கும்தான் என்று பின்னால் அவர்களே சொன்னார்கள்.

பாட்டுக்குள் கேலி இருக்கும். கருமித்தனமான சம்சாரி இருப்பார், குடித்துவிட்டு வருகிற புருசன் இருப்பான், ஓடிப்போன நாத்தனார் இருப்பாள். பெயர் சொல்லாமல், ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி பாடுவார்கள். வரப்பு மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிக் கைப்பிள்ளையைப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளான நாங்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, தூக்குவாளிக் கஞ்சிக்குக் காவல் இருப்போம். வீட்டில் அம்மாவின் குரல் ஒன்று, வயலில் அவள் குரல் வேறு. வீட்டில் பயந்து பேசுகிறவள் வயலில் முப்பது பேருக்கு எடுத்துக் கொடுப்பாள். அப்போது எங்களுக்குப் பெருமையாக இருக்கும். பாட்டு நின்று, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கூலிக்கு நிற்கும்போது, எங்கள் வயதுப் பையன் ஒருவன் எங்கள் அம்மாவை 'ஏய், இவளே' என்று கூப்பிடுவான். அவளும் 'சாமி' என்று திரும்புவாள். காலையில் கிடைத்த பெருமை சாயங்காலம் கூலியோடு சேர்ந்து அளந்து வாங்கப்பட்டுவிடும்.

இன்னொரு பாட்டும் எங்கள் காதில் இருந்தது. அது இழவுப் பாட்டு. நம் தெருவில் நம் சாவுக்கு நாம் அழுதோம், அது வேறு. ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் ஆண்கள் கேதம் சொல்லப் போக வேண்டும், கொட்டடிக்க வேண்டும். பெண்கள் போய் மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். போகாமல் இருக்க முடியாது. உயிரோடு இருந்தபோது ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்காத மனுசனை 'ராசாவே, தங்கமே' என்று பாடி அழ வேண்டும். அழுது முடித்தால் நெல்லோ பழைய சேலையோ வாசலுக்கு வெளியே வைத்துக் கொடுப்பார்கள். இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்கள் பொய்யாக அழவில்லை. செத்துப்போன சொந்தப் பிள்ளையை, மருந்தில்லாமல் போன தகப்பனை நினைத்துத்தான் அழுதார்கள். கண்ணீர் தங்களுடையது, பிணம்தான் அடுத்தவனுடையது.

கொட்டு விஷயமும் அப்படித்தான். எங்கள் காலும் இடுப்பும் முதலில் ஆடியது அந்தத் தப்புச் சத்தத்துக்குத்தான். அதே சத்தத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்ததும் நாங்கள்தான். 'வடு'வில் கே.ஏ.ஜி. தன் பள்ளிப் பருவத்தை எழுதியிருக்கிறார். உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், பிள்ளைகள் அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும். அவருக்கு நடந்தது 1960களில். எங்களில் பலருக்கு அது இருபது ஆண்டுகள் கழித்தும் நடந்தது. பணம் கொடுப்பதற்காகத்தான் கேட்டார்கள், உண்மை. ஆனால் எழுந்து நிற்கும் அந்த நேரத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை கொஞ்சம் நகர்ந்து உட்காரும். அந்த நகர்வின் அளவு இப்போதும் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் காதில் விழுந்த மூன்றாவது பாட்டு குழாய் ரேடியோவில் வந்தது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நாங்கள் பிறக்கவில்லை, அல்லது கைப்பிள்ளைகள். ஆனால் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவின் பாட்டுகள்தான் எங்கள் தெருவின் ஒவ்வொரு சடங்கிலும் காதுகுத்திலும் ஒலித்தன. பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம். அந்த மெட்டுகளைக் கேட்டு "இது நம்ம நடவு மெட்டுல்ல?" என்று அம்மாக்கள் சிரிப்பார்கள். தங்கள் வாயில் இருந்தது வானொலியில் வருகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் சினிமாவில் நாற்று நட்ட கதாநாயகி எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று யாரும் சொல்லவில்லை. மெட்டு வந்தது, தெரு வரவில்லை.

இந்தக் காதுகளில்தான் 'மனுசங்கடா' வந்து விழுந்தது.

1980களின் இறுதியும் 1990களின் தொடக்கமும் மதுரையில் எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞர் மலைச்சாமி இங்கே தலித் பேந்தர் இயக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்து 1989இல் மறைந்தார். அடுத்து அந்த இயக்கத்தைத் திருமாவளவன் ஏற்று நடத்தினார். 1990-91 அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்மவர்கள் 'பரட்டை' என்று அன்பாகச் சொல்லும் அந்த மனிதர், கிராமத்து மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் கட்டிப் பறையோடு பாட வைத்துக்கொண்டிருந்தார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. இந்தக் காலத்தில்தான் ஏப்ரல் 14 அன்று நம் தெருமுனையில் மேடை போட ஆரம்பித்தார்கள். மைக் செட்டுக்காரரிடம் ஒரு கேசட் இருந்தது. மேடை ஏறும் முன்னால் ஒருமுறை, முடிந்த பின்னால் ஒருமுறை அந்தக் கேசட் ஓடும். இயக்கத்து அண்ணன்மார் சைக்கிளில் ஊர் ஊராக அதை எடுத்துப்போனார்கள். நாடா தேய்ந்து குரல் நடுங்கும், ஆனாலும் ஓடும்.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? கிணற்றுத் தண்ணீருக்குப் போய்ப் பிணமான பிள்ளைகள் இருக்கிறார்கள். தீயில் வெந்தவர்கள் இருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்திய நாட்டில், அந்தத் தீ எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தலைவர்களின் பிறந்தநாளுக்குச் சுவரொட்டி ஒட்டவும் ஊர்வலத்தில் அடி வாங்கவும் மட்டும் எங்களைத் தேடும் கட்சிகள் இருக்கின்றன. ஒரு பாட்டில் இவ்வளவும் இருப்பதைக் கேட்ட பிள்ளைக்கு முதலில் வந்தது கோபமல்ல, ஆச்சரியம். இதையெல்லாம் மைக்கில் சொல்லலாமா? இவ்வளவு சத்தமாகவா? எங்கள் தெருவின் கதையை ஊர்த்தெருவுக்குக் கேட்கும்படி ஒரு குழாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தத் தலைப்பையே பாருங்கள். 'மனிதர்கள்' இல்லை, 'மனுசங்க'. அம்மா பேசுகிற வார்த்தை. அதன் கடைசியில் ஒரு 'டா'. எங்கள் தாத்தாக்களை, நரைத்த தலையோடு நின்ற மனிதர்களை, அரைக்கால் சட்டை போட்ட பையன்கள் கூப்பிட்ட அதே 'டா'. எங்கள் பக்கம் மட்டும் வந்துகொண்டிருந்த அந்த ஓரெழுத்தை இன்குலாப் எடுத்துத் திருப்பி அனுப்பினார். வன்முறையில்லாமல், நாங்களும் மனிதர்கள் என்ற ஒரு செய்தியோடு சேர்த்து அனுப்பினார். பத்து வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் அந்த 'டா' யாரை நோக்கிப் போகிறது என்பது தெரிந்தது. அந்த இடம் வரும்போது பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம்.

இன்னொரு வார்த்தையும் முக்கியம். அந்தப் பாட்டு 'நாங்க' என்று சொல்கிறது. 'நாம' என்று சொல்லவில்லை. தமிழில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. நாம் தமிழர், நாம் இந்துக்கள், நாம் இந்தியர் என்று பாடப்புத்தகமும் மேடைகளும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த 'நாம்' ஊர்த்தெரு முனையோடு நின்றுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். பாட்டு அந்த உண்மையை மறைக்கவில்லை. முதலில் நாங்கள் மனிதர்கள் என்பதை ஒத்துக்கொள், பிறகு நாம் என்று பேசலாம் என்ற அரசியல் அதில் இருக்கிறது. இன்றைக்கும் அந்த வரிசையை மாற்ற நாங்கள் தயாராக இல்லை.

இதை எழுதியவர் நம் தெருக்காரர் அல்ல என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இன்குலாப் கீழக்கரையில் 1944இல் ஓர் ஏழை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை தியாகராசர் கல்லூரியில் படித்தவர். கே.ஏ.ஜி. 'வடு'வில் இளையான்குடி வட்டார முஸ்லிம்கள் தன்னையும் தன் குடும்பத்தையும் தீண்டாமை இல்லாமல் நடத்தியதையும், அதே சுற்றுவட்டாரத்தின் இந்து ஊர்களில் நடந்த வேறுபாட்டையும் எழுதியிருக்கிறார். கீழக்கரைக்காரர் எழுதி, மாரந்தைக்காரர் பாடினார். இருவரும் ஒரே ஆண்டில் போய்விட்டார்கள். 2016 ஜனவரியில் பாடியவர், டிசம்பர் 1 அன்று எழுதியவர். மறைவுக்குப் பின் 2017இல் இன்குலாபுக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பத்தினர் வாங்க மறுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் அந்தப் பழக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் அதற்கு வருவோம்.

கே.ஏ.ஜி.யின் குரலில் அப்படி என்ன இருந்தது? எங்களுக்குத் தெரிந்தவரை, அந்தக் குரலில் நடவு வயலின் இழுப்பும் இழவு வீட்டின் விம்மலும் இருந்தன. புத்தகம் படித்த பிறகு எங்களுக்கு விளங்கிய அரசியல் அல்ல அது. காது பழகியிருந்த இழுப்பு. அம்மா குனிந்துகொண்டு பாடியதை இந்த மனிதர் நிமிர்ந்துகொண்டு பாடினார். அடுத்தவன் பிணத்துக்குக் கொடுத்த கண்ணீரை நம் செத்தவர்களுக்குக் கொடுத்தார். அதனால்தான் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது எங்களுக்கு வயலும் தொட்டிலும் தூக்குவாளியும் நினைவுக்கு வருகின்றன. மறைக்க வேண்டிய பொருளாக இருந்த அந்தப் பிள்ளைப் பருவம், சாட்சி சொல்லும் பொருளாக மாறியது.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெரும் சமூகவியலாளர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ், 1903இல் எழுதிய 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்ற நூலின் இறுதி இயலைத் துயரப் பாடல்களுக்கு ஒதுக்கினார். அதில் தன் குடும்பப் பாட்டு ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அவருடைய தாத்தாவின் பாட்டி ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர். தன் மொழியில் ஒரு பாட்டைப் பிள்ளைக்குப் பாடினார். அந்தப் பிள்ளை தன் பிள்ளைகளுக்குப் பாடியது. இப்படியே அது டுபாய்ஸ் வரை வந்தது. வார்த்தைக்குப் பொருள் யாருக்கும் தெரியாது, இசையின் பொருள் எல்லோருக்கும் தெரியும் என்கிறார் அவர். சொத்து, நிலம், மொழி, பெயர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவர்களால் ஒரு பாட்டைப் பிடுங்க முடியவில்லை. இதே டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையில் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படியைக் கேட்டு, தீண்டப்படாதோரின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி எழுதினார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார். மனுக்களைப் பரிமாறிக்கொண்ட அந்த இருவரின் மக்களுக்கும் பாட்டுகளும் உறவுதான்.

நம் வட்டாரத்துக்கே திரும்புவோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலூர்ப் பக்கத்து மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வந்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அப்போது எங்களில் பலர் பள்ளி இறுதியிலும் கல்லூரியின் முதல் ஆண்டுகளிலும் இருந்தோம். அதோடு எங்கள் பிள்ளைப் பருவம் முடிந்தது என்று சொல்லலாம். ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று அங்கே கூடுகிறோம். அங்கே வரும் சின்னப் பிள்ளைகளுக்கு 1997 தெரியாது, 1968 தெரியாது. பாட்டு தெரிகிறது. நாளைக்கு அவர்களுக்கும் பிள்ளைப் பருவத்தை நினைவூட்டும் பாட்டு அதுவாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பாட்டுதான் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று ஒரு தாய் கேட்டால், அதற்கு எங்களிடம் எளிய பதில் இல்லை. மறைப்பதைவிடச் சொல்லிக் கொடுப்பது மேல் என்பதைத்தான் எங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும்.

இப்போது மாணவர்களிடம் ஒரு வேலை பற்றிப் பேச வேண்டும்.

நடவு இயந்திரம் வயலுக்கு வந்துவிட்டது. கைநடவு நடக்கும் இடத்திலும் பாட்டைவிட செல்போன் சத்தம்தான் கூடுதல். மண்வாசனை என்ற பெயரில் தொலைக்காட்சியிலும் ரீல்ஸிலும் நடவுப் பாட்டு வருகிறது, நட்டவள் வருவதில்லை. இன்னொரு பக்கம் நல்லதும் நடந்திருக்கிறது. பறையைக் கையில் எடுத்துக் கல்லூரி மாணவிகள் ஆடுகிறார்கள். நம் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எந்தத் தோலைத் தொட்டதற்காக ஒதுக்கினார்களோ அந்தத் தோலுக்கு மரியாதை வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மேடைப் பறைக்குக் கைதட்டுகிற ஊரில், இழவு வீட்டுப் பறைக்கு இன்னும் அதே ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்களா என்ற கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

ஆகவே பாட்டுகளைச் சேகரியுங்கள் என்று சொல்லப்போகிறோம் என்று நினைப்பீர்கள். சொல்கிறோம், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. எங்கள் நண்பர்கள் சிலர் பாட்டுச் சேகரிக்கப் போனார்கள். ஊர்த்தெரு இழவுகளில் எடுத்துக் கொடுத்த ஓர் அப்பத்தாவிடம் போய், "அப்பத்தா, அந்த ஒப்பாரிய ஒருக்கா பாடுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறோம்" என்றார்கள். அவர் கேட்டார், "எதுக்குய்யா? அவுக வீட்டு வாசல்ல நின்னு பாடுனது போதாதா? நீங்க படிச்சு வந்து மறுபடியும் பாடச் சொல்றீகளா?" அதோடு வெற்றிலையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த மறுப்பை நாம் மதிக்க வேண்டும். ஆய்வுக்கு இது இழப்பு, அந்த அப்பத்தாவுக்கு இது விடுதலை. 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் நம் ஆண்கள் இனி கொட்டடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். அது வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. இனி அவர்கள் சாவுக்குப் பாட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட பெண்களை யார் எழுதினார்கள்? பாடப்படாத அந்த ஒப்பாரியும் நம் பண்பாட்டுச் சொத்துதான். பாட்டை வைத்திருப்பது எவ்வளவு அரசியலோ, பாட மறுப்பதும் அவ்வளவு அரசியல்.

அதனால் சேகரிக்கப் போகும்போது சில முறைகளைக் கடைப்பிடியுங்கள். நா.வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' கொண்டுவந்தபோது சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் பாட்டோடு சேர்த்து அச்சிட்டார். அது பெரிய காரியம். நாம் அதற்கு அடுத்த அடியை வைக்க வேண்டும். பாடியவர் விரும்பினால் அவர் பெயர் முதலில் வரட்டும், சேகரித்தவர் பெயர் பின்னால் வரட்டும். எந்தப் பயிருக்கு, எந்தப் போகத்தில், யார் நிலத்தில், என்ன கூலிக்குப் பாடியது என்று கேட்டு எழுதுங்கள். கூலி இல்லாத நடவுப் பாட்டு பாதிப் பாட்டு. எடுத்துக் கொடுத்தவர் யார், வாங்கிப் பாடியவர்கள் யார் என்று கேளுங்கள். வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். பாடியவர் அழுதால் ரெக்கார்டரை நிறுத்துங்கள். பதிவின் ஒரு படியை அவர் பேரப்பிள்ளையின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பாட்டை வைத்து யாராவது பணம் பண்ணினால் அதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை எழுத்தில் வையுங்கள். மாட்டேன் என்று சொன்னால், மாட்டேன் என்று சொன்னார் என்பதையும் அவர் சொன்ன காரணத்தையும் அவர் அனுமதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அது ஒரு பாட்டுக்குச் சமம்.

கே.ஏ.ஜி. ஆய்வாளராகவும் பாடகராகவும் ஒரே உடம்பில் இருந்தவர். பாட்டைத் தேடிப் போன இடத்தில் அவர் அந்நியர் அல்ல, பாடுகிறவர்களின் பிள்ளை. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களும் அப்படித்தான். உங்களுக்குத் தகவலாளி என்று ஒருவர் இல்லை. இருப்பவர் உங்கள் அத்தை, உங்கள் சின்னம்மா, உங்கள் அப்பத்தா. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பதிவு செய்யாமல் விட்டால் பாட்டும் போகும், பாடமாட்டேன் என்று சொன்ன துணிவும் போகும். அடுத்த தலைமுறைக்கு மெட்டு மட்டும் சினிமா வழியாக வரும், தெரு வராது.

வருகிற ஜூன் மாதம் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து நடவு தொடங்குவதற்குள், நம் அமைப்புத் தோழர்கள் ஊருக்கு இரண்டு பேராகப் போய் இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பட்டியலில் பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் தோழர்களிடம் கொடுங்கள். முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களே, நாங்கள் வருவோம். பாடுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள்.

ஜெய்பீம்.